கற்பூரம் எரியும் வரை ஓடிய ஜெனரேட்டர்

நாம் வரப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் ஆஸ்பத்திரிகளுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். வாசலில் கோலம், சுவரில் ஈரம் காயாத பெயிண்ட், கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு, லிஃப்டுக்குள் ஊதுவத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். போகப்போக அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறும்போதே தலை வலிக்கும். எனக்கு ஓய்வு பெற்ற பிறகும் வலிக்கிறது. எதிர் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்தால்கூட எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் புத்தி போகிறது.

நம் வேலை என்னவென்று என் பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்றுவரை புரியவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னாதான் பண்ணுவ? வைத்தியமும் பாக்கல, வைத்தியம் பண்ணிக்கவும் இல்ல" என்பாள். கட்டடம் ஒழுகுகிறதா, லிஃப்ட் நடுவில் நிற்கிறதா, ஆக்சிஜன் குழாய் கசிகிறதா, குழந்தையைச் சூட்டில் வைக்கும் கருவி நிஜமாகவே சூடாகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் நாம். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் புது வார்டு திறக்கலாமா கூடாதா என்று மேலே முடிவெடுப்பார்கள். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப நீ வாத்தியாரம்மா மாரி. யாருக்கும் உன்னப் புடிக்காது" என்றாள். பொல்லாத வாய் அவளுக்கு. ஆனால் சொன்னது தப்பில்லை.

கருவிகளை எப்படிச் சோதிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு.

முதலில் ஒரு சின்ன விஷயம். திருவாலங்காடு பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. உள்ளே போனால் கழிப்பறை பளிங்கு மாதிரி இருந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. தரையில் ஒரு கறை இல்லை. முழு மதிப்பெண் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நிற்கிறாள். பிரசவமாகி இரண்டாம் நாளோ என்னவோ. "நீதான் சாவி வெச்சிக்கினு கீறியா? எவ்ளோ நேரமா நிக்கிறது?" என்று என்மேல் பாய்ந்தாள். அப்போதுதான் கதவைப் பார்த்தேன். புத்தம்புதுப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதற்காக அதைக் கழுவிப் பூட்டிவைத்துவிட்டு, அவ்வளவு நோயாளிகளையும் பின்பக்கக் கொல்லைக்கு விரட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த கோபத்தில் அந்தப் பூட்டைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாவி அவர்களிடமே இருக்கட்டும், என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று.

ஒரு பொருள் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது யாருக்கு உழைக்கிறது என்று கேளுங்கள். உழைக்காத பொருள் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். இதை நான் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் அதே விஷயம் என் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மதிப்பெண் போடும் வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். ஏகாம்பரம் அங்கே என்னோடு எலெக்ட்ரீஷியன். திருப்பாச்சூர் பக்கத்துப் பையன். அவன் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவன் ஐடிஐ படித்து, கொஞ்ச காலம் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலையில் கை சுட்டுக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தான். என்னை அக்கா என்பான். ஆரம்பத்தில் எல்லாரும் பெண்பிள்ளை என்ஜினீயர் என்று வாய்க்குள் சிரித்தபோது, சிரிக்காத ஆள் அவன் ஒருவன்தான். ஏணியில் நான் ஏறினால் கீழே பிடித்துக்கொள்வான். அவன் ஏறினால் நான் பிடித்துக்கொள்வேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது ஒரு பெரிய கதை இல்லை, ஆகவில்லை, அவ்வளவுதான். அண்ணன் குடும்பம் வடக்கே போய்விட்டது. பண்டிகை என்றால் நான் போக ஒரு வீடு இருந்தது என்றால் அது சோழவரத்தில் ஏகாம்பரம் வீடு. அவன் மனைவி தேவகி எறா தொக்கு வைத்தால் தெருக்கோடியில் பஸ் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். "வாக்கா, கை கழுவினு வா, ஆறிப்போவுது" என்பாள். செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிடும். இரண்டாம் முறை போடட்டுமா என்று கேட்கவே மாட்டாள். போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

நான் மதிப்பெண் வேலைக்கு வந்தபின் அந்த வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. ஏனென்றால் மற்ற வீடுகள் எல்லாம் சிறுத்துப்போயின. நேற்றுவரை 'வா, டீ சாப்பிடலாம்' என்று தோளில் கை போட்ட சிநேகிதிகள், அவர்கள் ஆஸ்பத்திரிக்கு நான் மதிப்பெண் போட வருகிறேன் என்றதும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கும்பிடு வாங்குவது எவ்வளவு தண்டனை என்று உங்களுக்கும் தெரியத்தான் போகிறது. சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். மத்தியானம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். எதிரே ரயில்கள் போகும். பேச ஆள் இருக்காது. பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்வேன். பழகவில்லை.

இதற்கிடையில் ஏகாம்பரம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஓர் ஆஸ்பத்திரியில் பராமரிப்பு மேற்பார்வையாளனாகப் போனான். தொழிற்பேட்டையை ஒட்டிய இடம். தொழிலாளிகளின் வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். பேர் வேண்டாம். அங்கே பச்சைக்குழந்தைகளுக்கென்று தனி வார்டு ஒன்று திறக்க ஏற்பாடு. பராமரிப்பில் தேறினால் வார்டு வரும். வார்டு வந்தால் ஒப்பந்தத்தில் இருக்கும் ஏகாம்பரத்தை நிரந்தரமாக்குகிறோம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. தேவகி அதற்காகச் சிறுவாபுரி முருகனுக்கு வாராவாரம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மதிப்பெண் போட என்னை அனுப்பினார்கள்.

என்னை அனுப்பாதீர்கள், அவன் எனக்கு வேண்டியவன் என்று அலுவலகத்தில் சொன்னேன். "உங்களுக்கு வேண்டாதவன் இந்த ஜில்லாவில் எங்கே மேடம் இருக்கான்? எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதான். வேற ஆள் இல்ல, போயிட்டு வாங்க" என்றார்கள். வேண்டியவர்கள் இடத்துக்குப் போகாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லலாம். நம் மாதிரிச் சின்ன வட்டத்தில் அது நடக்காது. என்றைக்காவது ஒரு நாள் உங்கள் ஏகாம்பரம் உங்கள் முன்னால் வந்து நிற்பான்.

காலையில் போய் இறங்கினேன். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். "வாங்க மேடம்" என்றான் எல்லார் முன்னாலும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம்.

அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்து நான் அசந்துபோனேன் என்பதை ஒளிக்கவில்லை. ஒழுகின சுவடு எங்கும் இல்லை. தொட்ட சுவிட்ச் எல்லாம் வேலை செய்தது. கட்டிலின் சக்கரம் ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. பெயிண்ட் வாசனையே இல்லை, அதுதான் விஷயம். எனக்காகச் செய்தது இல்லை, தினமும் செய்கிறவன் கை. ஒவ்வொன்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். என் தம்பி என்று மனசு துள்ளியது. எவனாவது 'வேண்டியவனுக்குப் போட்டுட்டா' என்று சொன்னால், வந்து பாருடா என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டலாம்.

கடைசியாக ஜெனரேட்டர் அறை. கரண்ட் போனால் ஆஸ்பத்திரி முழுவதும் அதை நம்பித்தான் மூச்சு விட வேண்டும். கதவைத் திறந்ததும் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது. அவ்வளவு சுத்தம். இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சாமந்திப்பூ மாலை. கீழே எலுமிச்சம்பழம்.

"வெள்ளிக்கெழம தவறாம பூஜைக்கா" என்று மெதுவாகச் சொன்னான், அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். "கற்பூரம் ஏத்தி ஸ்டார்ட் பண்ணுவேன். ஒரே தட்டுல புடிச்சிக்கும். கற்பூரம் அணையிற வரிக்கும் ஓடும். அப்பால ஆஃப் பண்ணிட்டுத் தொடச்சி மூடிடுவேன்."

"ஓடும்போது லோடு எதுல குடுப்ப?" என்று கேட்டேன். லோடு என்றால் சுமை. ஆஸ்பத்திரியின் விளக்கு, மோட்டார், ஏசி எல்லாவற்றையும் ஜெனரேட்டர்மேல் ஏற்றுவது. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்ஜினை உறுமவிடுவது வேறு, ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவது வேறு இல்லையா.

ஏகாம்பரம் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த இடத்தைத் துடைத்தான். "லோடா? இங்க கரண்டே போறதில்லக்கா. தொழிற்பேட்டை லைனு. எப்பனா கண்ணடிச்சா இன்வெர்ட்டர் பாத்துக்கும்."

"ஏகாம்பரம், நான் கேட்டது அது இல்ல."

துணியைக் கீழே வைத்தான். "வந்த புதுசுல ஒருக்கா போட்டேன்க்கா. மாத்துறப்ப ஒரு செகண்ட் கரண்ட் போய் வந்துச்சி. லேபு மெஷின் ஆஃப் ஆயி, அல்லா டெஸ்ட்டும் திரும்பப் பண்ற மாரி ஆயிடுச்சி. பெரிய டாக்டரம்மா அல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சி, 'நல்லா இருக்கிற மெஷின ஏன்யா நோண்டுற, உனக்கு வேற வேல இல்லியா'ன்னு கேட்டுட்டாங்க. பேஜாராப் பூட்ச்சி. அன்னியிலருந்து நான் அத்தத் தொடல. ஆனா கண்ணு மாரி வெச்சிக்கினு கீறேன் பாரு."

கண் மாதிரிதான் வைத்திருந்தான். அதில் பொய்யே இல்லை. அந்த ஆஸ்பத்திரி கட்டியபின் பெரிய புயல் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. அதனால் அந்த ஒரு தடவையைத் தவிர, கற்பூரம் எரிகிற நேரத்துக்கு மேல் அந்த இயந்திரம் உழைத்ததே இல்லை. என் கையில் இருந்த தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, ஜெனரேட்டர் இயங்குகிறதா என்று. இயங்குகிறது. ஒரே தட்டில் இயங்கும். போட்டுவிட்டுச் சோழவரம் போய்ச் சாப்பிட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தீரம் காட்டுகிறேன் என்று மெயினை இழுத்து அணைத்துவிடுவீர்களா? உள்ளே படுத்திருக்கிறவர்கள் நம் பரீட்சைக்கு வந்த பொம்மைகள் இல்லை. அப்படி அணைத்துக் காட்டிப் பெயர் வாங்கிய ஒரு மகானுபாவரை எனக்குத் தெரியும். அவரை நான் மனுஷனாகவே மதிப்பதில்லை. அதற்காக, கேட்டதை வைத்து மதிப்பெண் போடுவதும் முடியாது.

பெரிய டாக்டரம்மாவிடம் போனேன். நல்ல டாக்டர், கோபக்காரி. ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை, குழந்தைகள் இருக்கும் இடம் எதையும் தொட வேண்டாம், அவை மெயினிலேயே இருக்கட்டும் என்றேன். புற நோயாளிகள் போனபின் அந்தப் பகுதியையும் ஆபீசையும் துணி துவைக்கும் இடத்தையும் மட்டும் ஒவ்வொன்றாக ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றேன். புண்ணியத்துக்கு அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாற்று சுவிட்ச் இருந்தது. "உங்க திருப்திக்கு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார்கள்.

மத்தியானம் ஏகாம்பரம் ஜெனரேட்டரைத் தட்டினான். ஒரே தட்டில் பிடித்தது. என்னைப் பெருமையாகப் பார்த்தான். ஆபீஸ் விளக்குகளை மாற்றினோம், தாங்கியது. புற நோயாளிப் பகுதியை மாற்றினோம். சத்தம் கொஞ்சம் கனத்தது. துணி துவைக்கும் இடத்து மோட்டார்கள் ஏறியதும் வெளியே கரும்புகை அப்பியது. சும்மாவே ஓடி ஓடி உள்ளுக்குள் கரி அடைந்துபோன என்ஜின் அது. இரண்டு முறை முக்கியது, மூச்சுத் திணறினவன் மாதிரி இழுத்தது, நின்றுவிட்டது. மாலையில் இருந்த சாமந்திப்பூ மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

சுவிட்சுகளை மறுபடி மெயினுக்குத் தள்ளினான் ஏகாம்பரம். விளக்குகள் வந்துவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் மறுபடி தட்டினான், பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. வியர்வை கொட்டியது.

"போதும் உடு" என்றேன்.

"அக்கா" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் என் கையைப் பிடித்ததில்லை. "ஒரே ஒரு வாரம் டயம் குடுக்கா. ஆள இட்டாந்து பிரிச்சிப் போட்டு சரி பண்ணிடுறேன். இன்னிக்கி நீ இந்த ரூமுக்கு வரல. அவ்ளோதான். தேவகி ஊட்ல இன்னாத்த நெனச்சிக்கினு ஒக்காந்துக்கினு கீறா தெரியுமா? நிரந்தரம் ஆவுலன்னா என்ன வெச்சிக்க மாட்டாங்கக்கா. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனைப்போல் வேலைக்காரன் கிடைக்க மாட்டான் என்றும் தெரியும். வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் வந்து பார்த்தேன் என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் மனசு கணக்குப் போட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சரி என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது.

அதற்குள் டாக்டரம்மாவே அறைக்கு வந்துவிட்டார்கள், விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு. பின்னாலேயே ஒரு நர்ஸ். "என்ன ஆச்சு? சாயங்காலம் எனக்கு ஒரு சிசேரியன் இருக்கு. குழந்தை குறுக்கே கிடக்கு. மயக்க டாக்டர் சென்னையிலேர்ந்து கிளம்பிட்டார்" என்றார்கள்.

"வலி வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. அதுக்கு முன்னால எடுத்துடணும்."

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெனரேட்டர் இல்லாமல் வயிற்றைத் திறக்காதீர்கள், இன்வெர்ட்டர் விளக்கை எரிக்கும், மற்றதை எல்லாம் நெடுநேரம் இழுக்காது என்றேன். "நீங்க டாக்டரா மேடம்?" என்று சீறினார்கள். "இங்கே கரண்டே போகாது. இந்த மெஷினும் நல்லா ஓடுதுன்னு வாராவாரம் எனக்கு ரிப்போர்ட் வருது. ஏதோ ஒரு தடவை மக்கர் பண்ணிச்சுன்னா..." என்று சொல்லிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினார்கள். "ஏகாம்பரம், நீ சொல்லுப்பா. நான் உன்னைத்தான் நம்பறேன். ஆபரேஷன் நடுவுல கரண்ட் போச்சுன்னா இது எடுக்குமா எடுக்காதா?"

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"எடுக்காது மேடம்" என்றான். "இன்னிக்கி மட்டும் இல்ல. அந்த ஒரு தபாக்கு அப்பால லோடு குடுத்துப் பாக்கவே இல்ல. எடுக்கும்னு நானாத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

டாக்டரம்மா ஜெனரேட்டரை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு நர்ஸிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. ஆம்புலன்ஸ் சொல்லு" என்றார்கள். கோபக்காரிதான், ஆனால் அந்த நிமிஷத்தில் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணை ஏற்றும்போது அவளுடைய அம்மா, ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, ஏன் நைனா எம்பொண்ண இட்டுக்கினு போவச் சொல்ற? எங்க கையில டப்பு இல்லன்னு தொரத்துறீங்களா?" என்று அழுதாள். அவன் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கினான். இன்னொரு முனையை நான் தூக்கினேன்.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மழை வந்ததா? ஒரு தூறல் இல்லை. கறுத்த வானம் அப்படியே வெளுத்துவிட்டது. கரண்ட் போனதா? விளக்குகள் ஜாம்ஜாமென்று எரிந்தன. நான் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போ, ஒரு தடவை அணைந்து தொலை, என்று மனசுக்குள் கெஞ்சினேன். அணைந்திருந்தால் ஏகாம்பரத்திடம் போய், பார்த்தாயா என்று சொல்லலாம். தேவகியிடம் சொல்லலாம். அணையவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று எல்லாரும், இங்கேயே பண்ணியிருக்கலாம், அநியாயமாக அலைக்கழித்துவிட்டாள் என்று பேசியிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. இங்கே பிறந்திருந்தாலும் நல்லபடியாகத்தான் பிறந்திருக்கும்.

நம் வேலையின் தனிமை இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியம் செய்கிறவருக்கு, பிழைத்தவன் வந்து கையைப் பிடித்துக்கொள்வான். நாம் தடுத்த விபத்து நடக்கவே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வது? நீங்கள் சொன்னது சரி என்று காட்டுவதற்காக ஒரு கேடு வரட்டும் என்று என்றாவது உங்கள் மனசு ஆசைப்படும். என் மனசு ஆசைப்பட்டது. அப்படி வந்தால் எழுந்து முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பார்த்ததை எழுதினேன். ஜெனரேட்டருக்குப் பூஜ்யம். லோடு கொடுத்துப் பார்த்தவனைத் திட்டிய நிர்வாகத்தையும் சேர்த்து எழுதினேன். சோதித்துப் பார்க்கிறவனை வாயடைத்தால் இயந்திரம் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் எழுத நம் தாளில் இடம் இல்லை. பச்சைக்குழந்தை வார்டு தள்ளிப்போயிற்று. ஜெனரேட்டரைப் பிரித்துச் சரிசெய்தார்கள். மாதா மாதம் லோடு கொடுத்துப் பார்க்கிறார்கள், லேப் மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. அடுத்த முறை வேறொருவர் போய் நல்ல மதிப்பெண் போட்டார், வார்டும் வந்துவிட்டது. ஏகாம்பரத்தின் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. என் அறிக்கையில் நிர்வாகத்தைப் பற்றி எழுதிய பகுதியை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பூஜ்யத்தைப் படித்தார்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார்கள்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. பொங்கல் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு சோழவரம் போனேன்.

தேவகிதான் கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. எறா தொக்கு வாசனை கூடம் முழுக்க இருந்தது. பழத்தை நீட்டினேன், வாங்கி மேஜைமேல் வைத்தாள். உடம்பு எப்படி, ரயில் கூட்டமா, என்று கேட்டாள். நானும் பதில் சொன்னேன். சாப்பிட்டியா என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் வாசலில் தபால்காரர் வந்து நின்றாலும் அதைக் கேட்பாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, நேரமாகிறது என்று எழுந்தேன். அவள் தடுக்கவில்லை.

ஏகாம்பரம் உள்ளேயிருந்து வந்து பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தான். இரும்புக் கம்பெனி ஒன்றில் மறுபடியும் சேர்ந்திருக்கிறானாம். வெயிலில் முகம் கறுத்திருந்தது. எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட நீ ஏன்டா வாயத் தொறந்த? நான்தான் சொல்ல வந்தேனே. எல்லாப் பழியும் என் தலையில போயிருக்கும்."

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ சொல்லுவியா மாட்டியான்னு எனக்குத் தெரியலக்கா. கையப் புடிச்சிக் கேட்டேன் இல்ல? உன் மூஞ்சியப் பாத்தேன். எனக்காவ நீ சரின்னுடுவியோன்னு பயந்துட்டேன். அந்தப் பொண்ணு வவுத்தத் தொறந்து வெச்சிக்கினு... வேணாம்க்கா. அதான் நானே சொல்லிட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுச்சாலையில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பஸ் தூரத்தில் தெரிந்தது. அவன் கை காட்டி நிறுத்தினான்.

"கொஞ்ச நாளிக்கி ஊட்டுக்கு வராதக்கா" என்றான். "நீ போட்டது கரெக்ட்டு மார்க்குதான். அத நான் அவகிட்ட எவ்ளோ தபா சொல்லிட்டேன். அவ மனசு ஆறல. ஆறுனா நானே போன் பண்றேன்."

ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவன் ஏற்கெனவே வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான்.

மதிப்பெண் விஷயத்தில் என்னிடம் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் வாருங்கள், வீட்டில்தான் இருக்கிறேன், டீ போட்டுத் தருகிறேன். கும்மிடிப்பூண்டிக்கு இன்றைக்கு என்னை மறுபடி அனுப்பினாலும் அந்தக் கட்டத்தில் அதே பூஜ்யத்தைத்தான் போடுவேன். ஏகாம்பரம் இன்னும் போன் பண்ணவில்லை.